கறுப்புத் தாங்கியின் பொறுப்பாளர்

எங்கள் பஸ்ஸில் ஏறுகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது ஒன்றுதான்: கக்கூஸுக்குள் கடதாசி போடாதீர்கள். சொன்னவுடன் சிரிப்பார்கள். இருபது வருஷம் வெளிநாட்டில் இருந்துவிட்டு வருகிறவர்களுக்குக் கக்கூஸ் என்ற சொல்லே பெரிய பகிடி. மூன்றாம் நாள் நான் கையுறை மாட்டிக்கொண்டு பஸ்ஸின் அடியில் மல்லாந்து கிடக்கும்போது ஒருவரும் சிரிப்பதில்லை. எல்லோரும் தள்ளிப் போய் நின்று கடலைப் பார்ப்பார்கள்.

தம்பி சிவரூபன், இந்தப் பகுதியின் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் என்ற முறையில், விஷயம் பொலிஸுக்குப் போகமுன்னம் நடந்ததை என் கையாலேயே எழுதித் தரச் சொன்னீர்கள். நல்லது. முப்பத்தொரு வருஷம் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் ஆய்வுகூட உதவியாளராக இருந்தவன் நான். போத்தல்களுக்குப் பெயர் எழுதி ஒட்டியே கையெழுத்து அழகாகிவிட்டது. ஆசிரியர் வராத நாட்களில் பரிசோதனைகளை நானே செய்து காட்டியிருக்கிறேன். அதனால் ஊரில் என்னை மாஸ்டர் என்பார்கள். நான் திருத்தப் போவதில்லை.

பஸ் என் அக்கா பியாட்றிஸின் மகன் றயனுடையது. ஆள் கனடாவில். பழைய சுற்றுலா பஸ் ஒன்றை வாங்கிச் சீட்டுகளைக் கழற்றி, நான்கு கட்டில், ஒரு குசினி, ஒரு குளிக்கிற இடம், ஒரு கக்கூஸ் என்று வீடாக மாற்றினான். யோசனை நல்லதுதான். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் சொந்தக்காரர் வீட்டில் தங்கினால் நாலாம் நாள் சண்டை வரும். ஹொட்டேலில் தங்கினால் முதல் நாளே சொந்தக்காரருக்குக் கோபம் வரும். பஸ்ஸில் தங்கினால் இரண்டிலிருந்தும் தப்பலாம். கோயிலடியில் ஒரு நாள், கடற்கரையில் ஒரு நாள், காணி பார்க்க ஒரு நாள் என்று சுற்றிவிட்டு, ஒருவரோடும் முகம் முறியாமல் பிளேன் ஏறலாம்.

றயன் எனக்கு ஒரு ரீசேர்ட் அனுப்பியிருந்தான். நெஞ்சில் ஒப்பரேஷன்ஸ் மானேஜர் என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தது. முப்பத்தொரு வருஷம் உதவியாளர் என்ற பெயரோடு இருந்தவனுக்கு அது சின்ன விஷயம் அல்ல. போட்டுக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால் நெடுநேரம் நின்றேன். சந்தோஷமாக இருந்தது. இதில் மறைக்க என்ன இருக்கிறது? போனில் றயன் இன்னொன்றும் சொன்னான்.

“மாமா, எல்லாம் உங்கடை கையிலை. ஒரே ஒரு ஆள் இன்ரநெற்றிலை பஸ் நாறுது எண்டு எழுதினாக் காணும், நான் உதை நீர்கொழும்பிலை ஒருத்தருக்குத் தள்ளிவிட்டிடுவன்.”

பஸ் போனால் ரீசேர்ட்டும் போகும். மானேஜர் மறுபடி அக்கா வீட்டுப் பின்னறையில் பத்திரிகை வாசிக்கிற தம்பியாகிவிடுவான். நான் செய்தது எல்லாவற்றுக்கும் காரணம் அதுதான். வேறு காரணம் தேடவேண்டாம்.

தாங்கிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், உங்கள் அறிக்கைக்குத் தேவைப்படும். பஸ்ஸின் அடியில் இரண்டு தாங்கிகள். குசினித் தண்ணீரும் குளித்த தண்ணீரும் சேர்வது சாம்பல் தாங்கி. மற்றது கறுப்புத் தாங்கி. நிறத்தின் விளக்கம் தேவையில்லை. கறுப்புத் தாங்கியை மூன்றில் இரண்டு பங்கு நிரம்பும்வரை திறக்கக்கூடாது. அவசரப்பட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிட்டால் தண்ணீர் மட்டும் ஓடிப் போய்விடும், மற்றச் சாமான் அடியில் கோபுரம் கட்டிக்கொண்டு இருந்துவிடும். திறக்கும்போது கறுப்பை முதலிலும் சாம்பலைப் பின்னாலும் திறக்கவேண்டும், சவர்க்காரத் தண்ணீர் குழாயைக் கழுவிக்கொண்டு போகும். பிறகு ஒரு வாளி நல்ல தண்ணீர், ஒரு மூடி நீல மருந்து. அவ்வளவுதான். ஆண்டவர் மனிதனைப் படைத்தபோதும் இதே இரண்டு தாங்கிகளைத்தான் வைத்தார், ஆனால் மட்டம் காட்டுகிற விளக்கு வைக்க மறந்துவிட்டார். பஸ்ஸில் விளக்கு உண்டு. அதையும் நம்பக்கூடாது, உள்ளே ஒரு துண்டுக் கடதாசி ஒட்டிக்கொண்டால் காலித் தாங்கியையும் நிரம்பியது என்று காட்டும். நான் ரோச் லைற் அடித்துக் கண்ணால் பார்ப்பேன். அந்தக் காட்சிக்குப் பழகினவனுக்கு வாழ்க்கையில் வேறொன்றும் அருவருப்பாக இராது.

கோபுரம் கட்டிவிட்டால் அதற்கும் என்னிடம் வைத்தியம் இருந்தது. மயிலிட்டித் துறைமுகத்தில் மீனுக்கு அடிக்கிற ஐஸ் வாங்கி, உடைத்துக் கக்கூஸுக்குள் கொட்டிவிட்டு, குண்டும் குழியுமான றோட்டாகப் பார்த்து ஓடுவேன். ஐஸ் துண்டுகள் உள்ளே உருண்டு உருண்டு எல்லாவற்றையும் உரஞ்சிவிடும். ஐஸ் விற்கிறவர் ஒருநாள், “என்ன மாஸ்டர், பாரையோ அறுக்குளாவோ?” என்று கேட்டார். கலவன் மீன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இந்தக் கெட்டித்தனமெல்லாம் றயனுக்குத் தெரியும். தெரியாதது ஒன்றுதான். நிரம்பினதைக் கொண்டுபோக ஆள் வேண்டும். எங்கள் பக்கத்தில் கழிவு இழுக்கிற பவுசர் லொறி வைத்திருந்தவர் ஒருவர். ஓகஸ்ட் மாதம், பஸ்ஸுக்கு ஓய்வே இல்லாத நேரம், அவருடைய பம்ப் உடைந்துவிட்டது. சாமான் கொழும்பிலிருந்து வரவேண்டும், பத்து நாள் ஆகும் என்றார். தாங்கி விளிம்புவரை நிரம்பியிருந்தது. சனிக்கிழமை லண்டனிலிருந்து ஒரு குடும்பம் வருகிறது, ஏழு பேர்.

இனிக் கிணறுகள். எங்கள் வளவுக் கிணறு சவர், உப்புத் தண்ணீர். குளிக்கலாம், குடிக்க முடியாது. ஒழுங்கையில் நல்ல தண்ணீர்க் கிணறு ஒன்றே ஒன்று, அது பக்கத்து வீட்டுப் பஞ்சலிங்கத்துடையது. வெங்காயம், புகையிலை என்று செய்து நன்றாக இருக்கிற மனிதர். பத்துப் பதினைந்து வீட்டார் காலையில் தண்ணீர்க் கான்களோடு அங்கே போவார்கள். ஒருவரையும் மறித்ததில்லை, அதையும் எழுதத்தான் வேண்டும். பத்தொன்பது வருஷமாக நானும் போனேன். பத்தொன்பது வருஷமும் அவர் கிணற்றுக்கட்டில் இருந்து பல் விளக்கிக்கொண்டு ஒரே கேள்வியைக் கேட்டார்.

“என்ன மாஸ்டர், இண்டைக்கும் எங்கடை தண்ணிதானோ?”

“ஓம் அண்ணை.”

“அள்ளுங்கோ, அள்ளுங்கோ. உங்கடை கிணத்துக்கு ஒரு மருந்து கண்டுபிடியுங்கோவன். லாபிலை இருந்த ஆள்தானே.”

பகிடிதான். கோபம் ஒன்றும் இல்லை. ஒரு வருஷத்துக்கு முந்நூற்று அறுபத்தைந்து தரம் கேட்ட பகிடி. எனக்கு அவர்மேல் பகை இருந்ததா என்று கேட்பீர்கள். இருக்கவில்லை.

எங்கள் வளவுக்குப் பின்னால், வேலிக்கு அப்பால், ஆளில்லாத காணி ஒன்று இருக்கிறது. சொந்தக்காரர் நோர்வேயில். அதற்குள் ஒரு பாழ்கிணறு. கட்டு இடிந்து, உள்ளே பாதி கல்லும் குப்பையும், அடியில் கொஞ்சம் தண்ணீர். ஒருவருக்கும் வேண்டாத கிணறு. ஆனால் நான் கண்ணை மூடிக்கொண்டு ஊற்றிவிடுகிற ஆள் அல்ல. எங்கள் நிலம் சுண்ணாம்புக்கல், பாண் துண்டைப் போல உள்ளே எல்லாம் ஓட்டை. ஒரு கிணற்றில் விட்ட தண்ணீர் எந்த வழியால் போய் எங்கே தலைகாட்டும் என்று மேலே நின்று சொல்ல முடியாது. ஆகவே முதலில் சோதித்தேன். பள்ளிக்கூடத்தில் பழையது என்று எறியச் சொன்ன பச்சைச் சாயம் ஒரு போத்தல் என்னிடம் இருந்தது. ஒரு சிட்டிகை போட்டால் ஒரு பீப்பாய் தண்ணீர் வெயிலில் ஒளிரும். ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து, உடுப்பு மாற்றி, பாழ்கிணற்றில் அரைப் போத்தலைக் கரைத்து ஊற்றினேன். செவ்வாய்க்கிழமை காலை முடிவு தெரிந்தது. புதன்கிழமை தாங்கியைத் திறந்தேன்.

புதன் காலை பத்து மணி, நல்ல வெயில். ஒளித்துச் செய்யவில்லை என்பதற்காகச் சொல்கிறேன். பஸ்ஸைப் பின்வேலியோடு நிறுத்தி, பெரிய ஹோஸை மோட்டரோடு மாட்டி, வேலிக்கு மேலால் தூக்க முயன்றேன். கனம். தனி ஆளாய் முடியவில்லை. அப்போது தோட்டத்தால் வந்த பஞ்சலிங்கம் பார்த்துவிட்டார்.

“நில்லுங்கோ மாஸ்டர், நானும் பிடிக்கிறன். உது என்ன, தண்ணியோ?”

“ஓம் அண்ணை, பஸ் கழுவின சோப்புத் தண்ணி.”

வந்து ஹோஸின் நடுப்பகுதியைத் தோளில் வைத்துக்கொண்டார். நான் வால்வைத் திறந்து மோட்டரைப் போட்டேன். ஹோஸ் ஒருமுறை துள்ளியது, பாம்பைப் பிடித்த மாதிரி அவர் இறுக்கிப் பிடித்தார். உள்ளே போகிற சத்தம் சோப்புத் தண்ணீரின் சத்தம் அல்ல. அதில் கட்டிகளும் உண்டு. ஆனால் நீல மருந்து நல்ல மருந்து, மல்லிகைப்பூ வாசம் போட்டது.

“கலியாண வீட்டு வாசமெல்லோ அடிக்குது,” என்றார் பஞ்சலிங்கம்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். கறுப்பு முடிந்ததும் சாம்பலைத் திறந்தேன், முறைப்படி. அவர் கடைசித் துளிவரை பிடித்துத் தந்துவிட்டு, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, தேத்தண்ணீர் குடிக்க வீட்டுக்குப் போனார். நல்ல மனிதர். பத்தொன்பது வருஷத்தில் அன்றுதான் அவரோடு வேலை செய்ய எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை தெரிந்த முடிவு என்ன என்று கேட்பீர்கள். சொல்கிறேன். அன்று காலை வழமைபோலக் கானோடு போனேன். பஞ்சலிங்கம் பல் விளக்கவில்லை. அள்ளிய வாளியைக் கிணற்றுக்கட்டில் வைத்துவிட்டுக் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

“மாஸ்டர், உங்களைத்தான் கூப்பிட இருந்தனான். தண்ணி ஒரு மாதிரிப் பச்சையாக் கிடக்கு. பாசியோ?”

பார்த்தேன். அழகான பச்சை, வெயில் பட்ட இடத்தில் மினுங்கியது. இரண்டு நாளில் வந்திருக்கிறது. நான் நினைத்ததைவிட வேகம்.

“பாசிதான் அண்ணை. ஒண்டும் செய்யாது. ரெண்டு நாளிலை போயிடும்.”

“நீங்கள் சொன்னாச் சரி. படிச்ச ஆள்.”

பத்தொன்பது வருஷத்தில் அவர் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தரம். நான் சொன்னது பிழையும் இல்லை. இரண்டு நாளில் பச்சை போய்விட்டது. அதற்குப் பிறகு வந்ததற்கு நிறம் இல்லை.

ஆக, தெரிந்துதான் திறந்தேன். தெரியாமல் செய்தேன் என்று எழுதினால் ஒருவேளை உங்களுக்கும் வசதி, எனக்கும் வசதி. ஆனால் சோதனை செய்துவிட்டு அதன் முடிவை மறைப்பது ஆய்வுகூடத்தில் இருந்தவனுக்கு அழகல்ல. என் கணக்கு இப்படித்தான் இருந்தது: இவ்வளவு பெரிய நிலத்தடித் தண்ணீரில் ஒரு தாங்கி என்ன செய்துவிடும்? கொஞ்சம் வயிற்றோட்டம் வரும், எல்லோரும் வெயிலைக் குறை சொல்வார்கள், அதற்குள் பவுசர்காரரின் பம்ப் வந்துவிடும். லண்டன் குடும்பம் சனிக்கிழமை ஏறியது. கக்கூஸுக்குள் போன பெண்மணி வெளியே வந்து, “வாவ், எவ்வளவு கிளீன்,” என்றார். அதை றயனுக்கு உடனே போனில் எழுதினேன். அவன் கைதட்டுகிற படம் மூன்று அனுப்பினான்.

திங்கட்கிழமை அவர்கள் இறங்கியதும் இரண்டாம் முறை ஊற்றினேன். அன்றுதான் பஞ்சலிங்கத்தின் மனைவி குணலட்சுமிக்கு முடியாமல் போனது. மறுநாள் பஞ்சலிங்கத்துக்கு. பிறகு ஒழுங்கையில் வீட்டுக்கு ஒருவர், இருவர் என்று பத்தொன்பது பேர். ஒரே வீட்டில் மூன்று பேர் ஒரு கக்கூஸுக்கு வரிசையில் நின்றதைக் கண்டேன். உண்மையாக நிரம்பிய தாங்கி எப்படி இருக்கும் என்பதை அவர்களுக்கு நான் விளங்கப்படுத்தவேண்டி இருக்கவில்லை.

வியாழக்கிழமை மூன்றாம் முறை. இதைத்தான் நீங்கள் கறுப்புப் பேனையால் கீறி, ஏன் என்று எழுதுவீர்கள். அன்று காலை பவுசர்காரர் போன் எடுத்தார். பம்ப் வந்துவிட்டது, பின்னேரம் வரட்டோ என்று கேட்டார். வேண்டாம் என்றேன். ஹோஸ் ஏற்கெனவே மாட்டிக் கிடந்தது, பாதையும் பழகிவிட்டது. பஞ்சலிங்கம் அப்போது ஆஸ்பத்திரியில். கிணற்றடியில் ஆளில்லை. அந்தக் கிழமை முழுக்க, இண்டைக்கும் எங்கடை தண்ணிதானோ என்று என்னை ஒருவரும் கேட்கவில்லை. காலைகள் மிகவும் நிம்மதியாக இருந்தன. இதற்கும் பகைக்கும் சம்பந்தம் இல்லை.

இனி அக்காவைப் பற்றி எழுதவேண்டும்.

பியாட்றிஸ் அக்காவுக்கு எழுபத்தொரு வயது. சீனி வருத்தம். என்னை வளர்த்தவர் என்றே சொல்லலாம், அம்மாவை விட அவருடைய கையால்தான் அதிகம் சாப்பிட்டிருக்கிறேன். காலையில் இரண்டு குளிசை, ஒரு பெரிய கிளாஸ் காய்ச்சாத பச்சைத் தண்ணீர். இரவு செபத்துக்குப் பிறகு இன்னொரு கிளாஸ். பஞ்சலிங்கம் வீட்டுத் தண்ணீர் தவிர வேறு எதுவும் அவருக்குத் தொண்டையில் இறங்காது. போத்தல் தண்ணீர் பிளாஸ்ரிக் மணக்கிறது என்பார்.

நான் புதன்கிழமையிலிருந்து பஸ்ஸுக்கு வாங்கி வைத்த போத்தல் தண்ணீரைத்தான் குடித்தேன். தேத்தண்ணீரும் பஸ் குசினியில்தான். ஆனால் காலையில் கானைக் கொண்டு பஞ்சலிங்கம் வீட்டுக்குப் போவதை நிறுத்தவில்லை. ஏன் நிறுத்தவில்லை என்று உங்களுக்கு விளங்கும், நீங்களும் இந்தப் பக்கத்து ஆள்தானே. எங்கள் ஒழுங்கையில் ஒருவன் ஒரு வீட்டுக் கிணற்றுக்குப் போவதை நிறுத்தினால் அந்த வீட்டோடு கோபம் என்று அர்த்தம். இரண்டாம் நாளே நாலு பேர் வந்து, என்ன, என்ன பிரச்சினை என்று கேட்பார்கள். ஆகவே போனேன், அள்ளினேன், கொண்டுவந்து குசினியில் வைத்தேன்.

அக்கா குடித்தார்.

முதல் நாள் யோசித்தேன், ஒன்றும் ஆகாது என்று. இரண்டாம் நாள் ஒன்றும் ஆகவில்லை. ஒவ்வொரு நாளும் காலையில் கிளாஸை நிரப்பிக் குளிசைக்குப் பக்கத்தில் வைப்பது எப்போதும் என் வேலை, அதை நான் விடவில்லை. ஒழுங்கையில் வருத்தம் தொடங்கிய பிறகும் விடவில்லை. அக்கா அயலுக்காக முழங்காலில் நின்று செபித்தார். எழும்பி, தாகமாக இருக்கிறது என்றார். நான் ஊற்றிக் கொடுத்தேன். பதினோராம் நாள் படுத்தார். பதினைந்தாம் நாள் ஆஸ்பத்திரியில் போய்விட்டார். சிறுநீரகம் தாங்கவில்லை என்றார்கள். அடக்க ஆராதனையில் வேதபாடம் நான்தான் வாசித்தேன். அடக்கத்துக்கு கனடாவிலிருந்து வந்த றயன் என்னைக் கட்டிப்பிடித்து, “மாமா, அம்மாவைக் கடைசிமட்டும் பாத்தது நீங்கள்தான்,” என்று அழுதான். நானும் அழுதேன். அது நடிப்பு அல்ல. இந்தத் தாளில் வேறு எதை நம்பாவிட்டாலும் அதை நம்புங்கள்.

நீங்கள் அடக்கத்துக்கு மறுநாள் வந்தீர்கள். கதிரையில் இருந்து, என்னை மேலும் கீழும் பார்த்தீர்கள்.

“சேர், இந்த ஒழுங்கையிலை அந்தக் கிணத்துக்குத் தண்ணி அள்ளப் போன ஆக்களிலை ஒண்டும் வராத ஆள் நீங்கள் மட்டும்தான்.”

“என்ரை வயிறு நல்ல வயிறு தம்பி.”

“இருக்கலாம். நீங்களும் உதே தண்ணிதான் குடிச்சனீங்களோ?”

ஓம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அது பொய். நீங்கள் எழும்பிப் போய்ப் பஸ்ஸுக்குள் அடுக்கியிருந்த வெறும் போத்தல்களைப் பார்த்துவிட்டு, வேலிக்கு அப்பால் எட்டிப் பார்த்தீர்கள். திரும்பி வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டீர்கள்: அக்காவுக்காவது சொல்லியிருக்கலாமே, சேர். அதற்குப் பதிலை இப்போது எழுதுகிறேன்.

சொல்ல ஒரு வசனம் போதும். அக்கா, அந்தத் தண்ணியைக் குடியாதேங்கோ. ஐந்து விநாடி வேலை. ஆனால் அவர் ஏன் என்று கேட்பார். பாழ்கிணறு என்று சொன்னால், உடனே பஞ்சலிங்கம் வீட்டுக்கு நடந்து போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு, திரும்பி வரும் வழியில் றயனுக்குப் போன் எடுத்திருப்பார். அக்கா அப்படிப்பட்ட ஆள். அதோடு பஸ் முடிந்தது, மானேஜரும் முடிந்தது. எனக்கு அது தெரியும். ஒவ்வொரு காலையும் கிளாஸை நிரப்பும்போது தெரியும். ஒரு நாளும் வெளியே சிந்தவில்லை. பதினொரு நாளும் தெரிந்துகொண்டே ஊற்றிக் கொடுத்தேன்.

இருந்தாலும் ஒன்றை நீங்கள் நியாயமாகப் பதிய வேண்டும். தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கோ என்று அவரிடம் இரண்டு தரம் சொன்னேன். ஒரு தரம் குசினியில், ஒரு தரம் செபக்கூட்டத்துக்கு வெளிக்கிடும்போது. “காய்ச்சின தண்ணி வருத்தக்காரருக்கு, நேசன்,” என்றார். இரண்டு தரமும் அதே பதில். அக்கா சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், ஒருவர் நன்மைக்குச் சொன்னால் கேட்கமாட்டார்.